ஜூன் மாசத்து சாக்பீஸ்

போகிக்கு முதல் நாள் சித்தி வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. சென்னையில பொட்டி தட்டுறவன் ஊருக்கு வந்தா ஏணியில ஏறத்தான் லாயக்குன்னு எங்க குடும்பத்துல ரொம்ப நாளா ஒரு அபிப்பிராயம். பாபநாசத்துக்கும் திருவையாறுக்கும் நடுவுல ஒரு கிராமம். அறுப்பு நெருங்கின சம்பா வயல் வாசலுக்கு எதிர்லயே இருக்கு. நான் பரண் மேல தும்மிக்கிட்டு இருக்கேன்.

பழைய டிரங்குப் பெட்டிக்கு அடியில ஒரு கட்டு நோட்டு. சித்தி பார்க்காமலே, "அதெல்லாம் கணக்கு நோட்டு தம்பி, போகியில போட்டுடு"ன்னு கீழேருந்து சொன்னாங்க. எரிக்கிறதுக்கு முன்னாடி எதையும் பிரிச்சுப் பார்க்கிற கெட்ட பழக்கம் நமக்கு. மேல இருந்த நோட்டு 2004-ஆம் வருஷத்தது. சித்தியோட குண்டு குண்டான கையெழுத்து.

பால் பாக்கி. கேஸ் சிலிண்டர். மளிகை. அதுக்குக் கீழே: சார்ட் 4 – 16.00. ஸ்கெட்ச் பேனா 1 செட் – 20.00. கலர் சாக்பீஸ் – 12.00. ஜெராக்ஸ் 40 – 20.00. அதுக்குக் கீழே மறுபடியும் மளிகை. இன்னொரு பக்கத்துல: சிலேட்டு 6, பலப்பம் 1 பெட்டி. எங்க வீட்டுல அந்த வருஷம் சிலேட்டு பிடிக்கிற வயசுல இருந்தது சித்தி பொண்ணு ஒருத்திதான். ஆறு சிலேட்டு எதுக்கு?

"என்ன சித்தி, பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதெல்லாம் நீங்களா வாங்கினீங்க?"

"வேற யாரு தம்பி வாங்குவா?"

சித்தி அதுக்கு மேல எதுவும் சொல்லாம அடுப்படிக்குப் போயிட்டாங்க. நான்தான் அந்தக் கேள்வியைத் தூக்கிட்டு சென்னை வந்து, ஆணி இல்லாத ரெண்டு வார இறுதியில கொஞ்சம் படிச்சேன். வேற யாரு வாங்கினா? இருநூறு வருஷமா நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் வகுப்பறைக்கு வேண்டிய சாமான யாரு வாங்கினா? அதுதான் இந்தப் பதிவு. கொசுவத்தி கொஞ்சம் சுத்தும், பொறுத்துக்குங்க.

*

திண்ணைப் பள்ளிக்கூடத்துலேருந்து ஆரம்பிப்போம். 1822-ல சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவுலயும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைங்க, செலவுக்கு யாரு பணம் கொடுக்கிறாங்கன்னு கலெக்டர்கள்கிட்ட கேட்டார். தஞ்சாவூர் கலெக்டர் 1823-ல அனுப்பின கணக்குல 884 பள்ளிக்கூடம், அது போக உயர்படிப்புக்கு 109 இடம். பதினேழாயிரத்துக்கு மேல பிள்ளைங்க. அதுல பெண் பிள்ளைங்க சொற்பம். பண்ணையாள் வீட்டுப் பிள்ளைங்களுக்கு அந்தத் திண்ணை பெரும்பாலும் ஏற முடியாத உயரம். இந்த ரெண்டையும் மறந்துட்டு "அந்தக் காலத்துல எல்லாரும் படிச்சாங்க"ன்னு பெருமை பேச எனக்கு மனசு வரல.

ஆனா நம்ம கேள்வி சாமான் பத்தினது. திண்ணைப் பள்ளிக்கூடத்துல சாமான்னு என்ன இருந்துச்சு? மணல். காவிரிப் பக்கத்துல மணலுக்கா பஞ்சம்? தரையில பரப்பி விரலால எழுதுறது. அப்புறம் பனை ஓலை, எழுத்தாணி. எழுத்து கண்ணுக்குத் தெரிய ஊமத்தை இலைச்சாறும் கரியும் கலந்த மை. கீழ் வகுப்பைப் பார்த்துக்க சட்டாம்பிள்ளை, அதாவது மேல படிக்கிற பையன். அவனுக்குச் சம்பளம் கிடையாது. கட்டடம் யாரோ ஒருத்தர் வீட்டுத் திண்ணை.

வாத்தியாருக்கு வருமானம் பெத்தவங்ககிட்டேருந்து. காசா கொஞ்சம், நெல்லா கொஞ்சம், காய்கறி எண்ணெயா கொஞ்சம். நவராத்திரி வந்தா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வீடு வீடாப் பாட்டுப் பாடிப் போய் ஒரு வசூல். இதே மாகாணத்துல பெல்லாரி கலெக்டரா இருந்த கேம்ப்பெல் 1823-ல எழுதின அறிக்கை இன்னும் விவரமா இருக்கு. சேரும்போது மாசம் கால் ரூபா. காகிதத்துல எழுதவோ பெரிய கணக்குப் போடவோ ஆரம்பிச்சா அரை ரூபா. சாமான் ஏற ஏற சம்பளமும் ஏறியிருக்கு.

இதை நான் பொற்காலம்னு சொல்லல. பெத்தவங்களுக்கு முடியலைன்னா பிள்ளைக்குப் படிப்பு கிடையாது, அவ்வளவுதான். ஒண்ணு மட்டும் கவனிங்க. அந்த முறையில வாத்தியார் ஏழைதான், ஆனா சாமானுக்குக் கைக்காசு போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வரல. மணல் சும்மா. ஓலையும் கரியும் ஊர்லயே கிடைக்கிறது. வருமானமும் அறுப்போட சேர்ந்து வந்துச்சு. களத்துல நெல் இருக்கும்போது வாத்தியார் வீட்டுக்கும் மரக்கால் போகும். இந்த விஷயத்துக்குக் கடைசியில திரும்ப வர்றேன்.

அரசே செலவு பண்ணின இடமும் இங்கேயே இருந்துச்சு. மராத்திய மன்னர் ரெண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) காலத்து சத்திரங்கள்ல வாத்தியாரும் உண்டு, படிக்கிற பிள்ளைக்குச் சாப்பாடும் உண்டு. சத்திரத்துக்குன்னு விட்ட நிலத்து வருமானத்துலேருந்து அந்தச் செலவு. 1805-ல அரண்மனையில அச்சுக்கூடமும் வெச்சுப் புத்தகம் போட்டார். அதாவது, பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிரந்தர வருமானம் ஒதுக்கணும்ங்கிற யோசனை இங்கே யாருக்கும் புதுசு இல்ல.

*

மன்றோ கணக்கெடுத்ததோட நிறுத்தல. 1826 மார்ச்சுல ஒரு குறிப்பு எழுதினார். வாத்தியார்கள் பொதுவா மாசம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல சம்பாதிக்கிறதில்ல, இந்தக் காசுக்குத் தகுதியான ஆள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டான்னு அதுல சொல்றார். நியாயமான பேச்சு. உடனே ஒரு திட்டமும் போட்டார். ஜில்லா அளவுல இருக்கிற பள்ளிக்கூட வாத்தியாருக்கு மாசம் 15 ரூபா, தாசில் அளவுல இருக்கிறவருக்கு 9 ரூபா.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். 9 ரூபா கொஞ்சமாத்தான் தெரியும், ஆனா பிள்ளைங்ககிட்டேருந்து குறைஞ்சது இன்னொரு அவ்வளவு வந்துடும், அதனால பரவாயில்லைங்கிற மாதிரி எழுதுறார்.

இதைப் படிச்சதும் எனக்கு எங்க ஆபீஸ் ஞாபகம் வந்துச்சு. எஸ்டிமேட் போடும்போது, "மீதியை டீம் எப்படியாவது பார்த்துக்கும்"னு ஒரு வரி மனசுல இருக்கும், எக்செல்ல இருக்காது. அந்த 'எப்படியாவது'தான் சனிக்கிழமை ராத்திரி. 1826-லயே அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்கு எஸ்டிமேட் போடும்போது இன்னொருத்தர் பாக்கெட்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கு. மன்றோ பாவம், அதை வெளிப்படையா எழுதி வெச்சார். பின்னாடி வந்தவங்க எழுதல. அந்தப் பள்ளிக்கூடங்களையும் 1836-ல மூடிட்டாங்க.

1854-ல உட் அறிக்கை வந்து, மானியம்ங்கிற ஏற்பாடு ஆரம்பிச்சுது. 1860-களின் கடைசியில திண்ணைப் பள்ளிக்கூடங்களையும் அதுக்குள்ள இழுத்தாங்க. முறை ரொம்ப எளிமை. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைங்களைப் பரீட்சை பண்ணுவார், தேறின தலைக்கு இவ்வளவுன்னு காசு. பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரும் அவரே நிர்வாகியும் அவரேன்னு இருந்தா என்ன ஆகும்? கரும்பலகை, சிலேட்டு, அச்சுப் புத்தகம் எல்லாம் முதல்ல வேணும். காசு பரீட்சைக்கு அப்புறம். நாத்து விட்டவன் அறுப்பு வரைக்கும் காத்திருக்கிற மாதிரி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து பரீட்சை நாளன்னிக்கு வரலைன்னா அந்தத் தலைக்கு உண்டானதும் போச்சு.

மணலும் ஓலையும் போய் கரும்பலகையும் சாக்குக்கட்டியும் வந்தது இந்தக் கட்டத்துல. திண்ணை 'வகுப்பறை' ஆச்சு. வகுப்பறைன்னா கடையில வாங்க வேண்டிய சாமான். நம்ம கேள்வி பொறந்த இடம் இதுதான்னு நினைக்கிறேன். பழக்கம் மட்டும் சீக்கிரம் விடல. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப கூட வெள்ளிக்கிழமையானா கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைச்சு போர்டுக்குத் தேய்ச்சோம். ஓலைக்குத் தடவின கரியோட தம்பி முறை அது. சாக்பீஸை மட்டும் வேலியிலேருந்து பறிக்க முடியல :-)

*

சுதந்திரத்துக்கு அப்புறம் நடந்ததை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். காமராஜர் முதலமைச்சரா இருந்தப்ப, 1956-ல மதிய உணவு வந்துச்சு. கல்வி இயக்குநரா இருந்த நெ.து.சுந்தரவடிவேலு 1958 வாக்குல பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தை ஆரம்பிச்சார். ஊர் ஊரா மாநாடு. ஒருத்தர் பெஞ்சு தருவார், ஒருத்தர் கடிகாரம், ஒருத்தர் குடிதண்ணிப் பானை, ஒருத்தர் பிள்ளைங்களுக்குச் சீருடை. இன்னைக்கும் நம்ம பக்கம் பழைய பள்ளிக்கூட பீரோவைத் திறந்தா, கதவுல பெயிண்டால 'உபயம்'னு ஒரு பேர் இருக்கும்.

வாத்தியாருக்குச் சொல்லாமலே பெரிய உபகாரம் அது. கேட்கிற வேலையை ஊர் ஏத்துக்கிட்டுது. ஆனா ஒரு சிக்கல். பெஞ்சுல பேர் எழுதலாம், பீரோவுல எழுதலாம். சாக்பீஸ்ல எப்படி எழுதுறது? நிக்கிற சாமானுக்கு உபயதாரர் கிடைப்பார். கரையற சாமானுக்கு யாரும் வரமாட்டாங்க.

1986 தேசியக் கல்விக் கொள்கைக்கு அப்புறம், 1987-88-ல கரும்பலகைத் திட்டம் வந்துச்சு. ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் குறைஞ்சது ரெண்டு ரூம், ரெண்டு வாத்தியார், கரும்பலகை, வரைபடம், விளையாட்டுச் சாமான். நல்ல திட்டம். 2001-ல அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தப்ப, வாத்தியார் தன் வகுப்புக்குன்னு சாமான் வாங்குறாருங்கிறதை அரசாங்கம் நேரடியா ஒத்துக்கிட்டுது. ஆசிரியர் மானியம், ஒரு ஆசிரியருக்கு வருஷத்துக்கு 500 ரூபா. கற்றல் கற்பித்தல் உபகரணம் செய்ய.

ஐந்நூறைக் கேலி பண்ண நான் வரல. சித்தியே சொன்னாங்க, "அது வந்தப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு"ன்னு. ஆனா சித்தி எந்தச் சம்பளத்துல இருந்தாங்கன்னு பார்க்கணும். 2003-லேர்ந்து தமிழ்நாட்டுல புதுசா எடுத்த ஆசிரியர்களுக்குத் தொகுப்பூதியம். இடைநிலை ஆசிரியருக்கு 3,000, பட்டதாரிக்கு 4,000, முதுகலைக்கு 4,500. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி ஒண்ணும் கிடையாது. பக்கத்து வகுப்புல அதே வேலையைச் செய்யற மூத்த ஆசிரியருக்கு முழுச் சம்பளம். 2006 ஜூன் 1 முதல்தான் அவங்களைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தாங்க.

சித்தி சேர்ந்தது 2004 ஜூன். கணக்குப் போட்டா நாளைக்கு நூறு ரூபா. நோட்டுல நான் பார்த்த முதல் பட்டியலே 68 ரூபா. முக்கால் நாள் சம்பளத்துக்கு ஒட்டி வருது. ஆறு சிலேட்டு தனி.

*

இப்ப ஜூன் மாசத்துக்கு வர்றேன்.

டெல்டாவுல ஜூன் 12-ன்னா மேட்டூர் திறக்கிற நாள். குறுவைக்கு உழவு, விதை, நாத்தங்கால்னு கையில இருக்கிற காசெல்லாம் வயலுக்குள்ள போற மாசம். பள்ளிக்கூடம் திறக்கிறதும் அதே ஜூன். நிலம் இல்லாத கூலி வீட்டுல நடவு ஆரம்பிக்கிற வரைக்கும் காசே இருக்காது. அதாவது பிள்ளைக்கு சிலேட்டு, நோட்டு வேணும்ங்கிற மாசமும், வீட்டுல ஒத்தைப் பைசா இல்லாத மாசமும் ஒண்ணுதான். இதுவும் நல்ல வருஷத்துக் கதை. 2002, 2003, 2004 மூணு வருஷமும் மேட்டூர் ஜூன்ல திறக்கவே இல்ல. குறுவை இல்லைன்னா நடவு இல்ல, நடவு இல்லைன்னா கூலி இல்ல.

அந்த மூணாவது வருஷத்து ஜூன்லதான் சித்தி ஒன்றாம் வகுப்புக்குள்ள போறாங்க. பாடப்புத்தகம் அரசாங்கம் கொடுத்துடுச்சு. சிலேட்டு?

"ஆறு பிள்ளைங்க கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும் தம்பி. எழுதச் சொன்னா என்னைப் பார்க்கும். வீட்டுல வாங்கிட்டு வான்னு ஒரு நாள் சொன்னேன். மறுநாள் அதுல ரெண்டு வரல. அப்புறம் நான் சொல்லல."

வரலாறுன்னு தேடினா திட்டம், மானியம், வருஷம் எல்லாம் கிடைக்குது. வராமப் போன அந்த ரெண்டு பிள்ளைங்களைப் பத்தி எதுலயும் இல்ல. பதினாறு ரூபா சார்ட் விஷயம் இல்ல இது. வாத்தியார் கைக்காசு போடலைன்னா பிள்ளை நின்னுடும்ங்கிற பயம். அந்தப் பயத்துலதான் இத்தனை வருஷமா இந்தக் கணக்கு ஓடியிருக்கு.

மானியம் எப்ப வரும்? பல மாநிலத்துல இதை ஆராய்ஞ்சவங்க கண்டது, பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டிய மானியம் பெரும்பாலும் நிதியாண்டின் பின்பாதியிலதான் கைக்கு வருதுன்னு. ஜூன்ல வேண்டிய சிலேட்டுக்கு தீபாவளிக்கு அப்புறம் காசு. திண்ணை வாத்தியாருக்கு நெல் அறுப்போட வந்துச்சு, செலவும் அப்ப குறைச்சல். இப்ப செலவு ஜூன்ல, காசு கார்த்திகையில. நடுவுல இருக்கிற அஞ்சு மாசத்துக்குக் கடன் கொடுக்கிறது யாரு? மூவாயிரம் ரூபா சம்பளக்காரங்க. வட்டியில்லாம, பாதி நேரம் அசலும் இல்லாம. மூத்த ஆசிரியர்களுக்கு ஊர்ல பழக்கம் இருக்கும். கடையில கணக்கு இருக்கும், பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட உரிமையாக் கேப்பாங்க. புதுசா வந்தவங்களுக்கு யாரைக் கேக்கிறதுன்னே தெரியாது. அதனால பர்ஸைத் திறப்பாங்க.

*

அப்புறம் மாறலையான்னு கேட்டா, மாறியிருக்கு. 2007-08-ல செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தப்ப, அட்டைகள் அச்சாகி வந்துச்சு, பிள்ளைங்க கைக்கு எட்டுற உயரத்துல சுவரைச் சுத்திக் கரும்பலகை வந்துச்சு. பத்துப் பன்னெண்டு வருஷமா அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு நோட்டு, கலர் பென்சில், கிரேயான் இலவசம். சித்தியோட ஆறு சிலேட்டை இன்னைக்கு யாரும் வாங்க வேண்டியதில்ல. அரசாங்கம் முடிவு பண்ணினா கரையற சாமானையும் கொடுக்க முடியும்ங்கிறதுக்கு இதைவிட சாட்சி வேணாம்.

ஆனா அந்த 500 ரூபா தனி மானியம் பின்னாடி போச்சு. 2018-ல ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தப்ப எல்லாத்தையும் சேர்த்து, பிள்ளைங்க எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி பள்ளிக்கு ஒரே மானியம். அதுலதான் ரிப்பேர், துடைப்பம், சாக்பீஸ் எல்லாம். வகுப்பு ஆசிரியர் பேர்ல இருந்த ஒரே ஒரு வரி கணக்குலேருந்து மறைஞ்சுது.

புதுசா வர்றவங்க சம்பளம்? 2012-ல 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை மாசம் 5,000 ரூபாய்க்கு எடுத்தாங்க. ஓவியம், தையல், உடற்கல்வி. பெயிண்டும் நூலும் பந்தும் இல்லாம நடத்தவே முடியாத பாடங்கள். 2022-ல பள்ளி மேலாண்மைக் குழு மூலமா 13,331 தற்காலிக ஆசிரியர்கள். இடைநிலைக்கு முதல்ல அறிவிச்சது 7,500, அப்புறம் கூட்டினாங்க. எண்ணெல்லாம் ஏறியிருக்கு. 9 ரூபாயும் 'மீதி'யும்ங்கிற மன்றோ கணக்கு மட்டும் அப்படியே.

அமெரிக்காவுலயும் இதே கூத்துதான். ஆனா அங்கே 2002-லேர்ந்து, வாத்தியார் கைக்காசுல வகுப்புக்கு வாங்கினதுல 250 டாலர் வரைக்கும் வருமான வரியில கழிச்சுக்கலாம். 2022-ல அது 300 ஆச்சு. பெரிய தொகை இல்ல. இருந்தாலும் படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. 'ஆமா, நீங்க செலவு பண்றீங்க'ன்னு அரசாங்கமே அச்சடிச்ச ஒரு கட்டம். நம்ம ஊர்ல அந்தக் கட்டம் சித்தியோட மளிகை நோட்டுல மட்டும் இருக்கு.

*

சித்தி பொண்ணு, எனக்குத் தங்கச்சி, அவளும் இப்ப டீச்சர். தற்காலிகம். இந்தப் பதிவுக்காகப் போன் பண்ணி, "நீ மாசம் எவ்வளவு போடுற?"ன்னு கேட்டேன். "எழுதி வெக்கிறதில்லண்ணா, ஜீபேயில போயிடும்"ன்னா. பிரிண்ட் அவுட், லேமினேஷன், கலர் ஏ4 ஷீட், அப்புறம் வகுப்புல ஒரு பையனுக்குச் செருப்பு. கடைசியைச் சொல்லிட்டு, "அம்மாகிட்ட சொல்லாதே"ன்னா. அம்மா என்னென்ன வாங்கினாங்கன்னு அவளுக்குத் தெரியாது. அவளோட பழைய சிலேட்டு ஒண்ணும் அந்த ஆறு சிலேட்டோட வகுப்புக்குப் போனதா சித்தி சொன்னாங்க. அதையும் நான் அவகிட்ட சொல்லல.

நோட்டைப் போகியில போடல. பையில வெச்சு சென்னைக்குக் கொண்டுவந்துட்டேன். கூட்டிப் பார்க்கலாம்னு எக்செல் திறந்து ரெண்டு மாசம் ஏத்தினேன். அப்புறம் சித்திக்குப் போன் பண்ணினேன்.

"மொத்தம் எவ்வளவுன்னு சொல்லட்டுமா சித்தி?"

"வேணாம் தம்பி. சித்தப்பாவுக்குத் தெரிஞ்சா இப்ப திட்டுவாரு."

இருபது வருஷம் கழிச்சும்! :-)

கூட்டல் பாக்கி இருக்கு. உங்க வீட்டுலயும் அம்மாவோ அத்தையோ அக்காவோ டீச்சரா இருந்தா, அடுத்த போகிக்கு முன்னாடி பரணை ஒரு தடவை பாருங்க. பால் கணக்குக்கும் கேஸ் கணக்குக்கும் நடுவுல ஒரு சார்ட் பேப்பர் இருந்தா, அந்த நோட்டை மட்டும் எரிக்காதீங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாராவது உபயம் பண்ணணும்னு நினைச்சா, பீரோ வேணாம். ஜூன் முதல் வாரத்துல ரெண்டு பெட்டி சாக்பீஸ் வாங்கிக் கொடுங்க. பேர் எழுத இடம் இருக்காது, அது ஒண்ணுதான் குறை.